கழிவு போக எடை

எங்கள் பகுதிப் பெண்கள் நடைக் குழுவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று பார்க்கிறேன். வரமாட்டேன் என்கிறது. காலையில் பனி விலகுவதற்கு முன்னால், ஸ்வெட்டரும் மப்ளரும் குரங்குக் குல்லாவுமாகக் கிளம்புவார்கள். போகும்போது பேச்சு முழுக்க கலோரி. கட்டபெட்டு வளைவு வரை போய்த் திரும்புகையில் பேக்கரி வாசலில் நின்று சூடாக டீயும், மொறுமொறுவென்று அடுக்கடுக்காக வெந்த வர்க்கியும். "வர்க்கி வெறும் காத்துங்க, அதுல என்ன எடை இருக்கப்போகுது" என்று குழுத் தலைவி சொல்லுவார். அவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. அதனால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. நெய்யும் டால்டாவும் அவருக்குக் கட்டுப்பட்டுக் காற்றாகிவிடும் போல.

ஒரு நாள் வழியில் தேயிலைக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை ரோட்டுக்கு ஏறி வந்து நின்றது. எங்கள் குழு அவ்வளவு வேகமாக நடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். தலைவி எல்லோரையும் முந்திக்கொண்டு போனார். அது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரேலென்று, தோளெல்லாம் சதையாகத் திரண்டு, நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டு மறுபடி தேயிலைக்குள் இறங்கிப் போயிற்று. அத்தனை பேரில் அதுதான் உருப்படியான உடம்போடு இருந்தது.

இவர்களோடு நான் ஏன் சேர்ந்தேன் என்றால், முழங்காலுக்காக. கோத்தகிரியில் நாங்கள் காட்டும் டாக்டர், "எடையக் குறைங்க, கால் தானா சரியாகும்" என்றார். சளிக்குப் போனாலும் அவர் அதைத்தான் சொல்லுவார். அவருடைய வெள்ளைக் கோட்டின் நடுப் பொத்தான் போட்டு நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் வலி என் காலில் இருந்ததே தவிர அவர் காலில் இல்லை. அதனால் கேட்டுக்கொண்டேன்.

என் முழங்கால் எனக்கு மட்டும் சொந்தமாக இருந்திருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அவலாஞ்சியில் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். மழையிலும் காற்றிலும் கம்பம் ஏறிய ஆள், கட்டிலில் படுத்தால் கட்டில் முனகும். காலையில் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலிக்கு மாற்ற வேண்டும், சாயங்காலம் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு. நடுவில் நான் தேயிலைத் தொழிற்சாலை ஆபீசுக்குப் போய்விட்டு மத்தியானம் ஓடி வந்து ஒரு தரம் பார்க்க வேண்டும். வலது காலை ஊன்றிக் கொஞ்சம் ஒத்தாசை செய்வார். மீதி பாரம் என்னுடையது.

எங்கள் மகன் கோயமுத்தூரில் இருக்கிறான். லிப்ட் வைத்த பிளாட். அப்பாவுக்கு இப்படி ஆனதும் வந்து, ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுப் போனான். "நீங்க ஒருத்தரா அப்பாவத் தூக்க முடியற வரைக்கும் இங்க இருங்கம்மா. முடியாத அன்னிக்கு ரெண்டு பேரும் கீழ வந்துரோணும். அதுக்கு மேல பேச்சே கிடையாது." நான் சரி என்றேன். அப்போது என்னால் முடிந்தது, அதனால் சரி என்பது சுலபமாக இருந்தது. அந்தப் பிளாட்டில் நாங்கள் ஒரு வாரம் தங்கியிருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுக் குளியலறை. பேன் போட்டால் அடுப்பு வாய்க் காற்று. திரும்பி வரும் வழியில், பர்லியாறு தாண்டிக் குளிர் காற்று முகத்தில் பட்டதும், அவர் என் கையைப் பிடித்து, "கீழ... வேண்டாம்" என்றார். வாதம் வந்த நாக்கு, ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் மலையேற வேண்டும். அதனால் தேவையில்லாமல் ஒன்றும் பேசமாட்டார். அவர் அப்படிச் சொன்னபிறகு எனக்கு வேறு யோசனையே கிடையாது.

ஆகவே முழங்காலைக் காப்பாற்ற எடையைக் குறைத்தேன். காலையில் சீரகத் தண்ணீர், மத்தியானம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி பப்பாளி. முட்டை சூடு என்றார்கள், விட்டேன். பருப்பு வாயு என்றார்கள், அதையும் விட்டேன். எடை மளமளவென்று இறங்கியது. முழங்கால் வலியும் குறைந்தது, பொய் சொல்லக்கூடாது. பத்து வருஷத்துக்கு முந்தைய ரவிக்கை ஊக்கு இழுக்காமல் சேர்ந்தது. மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்தில் என் நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சுகர் ஏதாச்சும் இருக்குதான்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள். வயிற்றெரிச்சல். அந்த ஒரு கேள்விக்காக இன்னும் ஒரு வருஷம் பப்பாளி தின்னலாம் என்று தோன்றியது.

எடை பார்க்கும் கூத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுத் தராசுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எடை காட்டுகின்றன என்று குழுவில் சண்டை வந்தது. எங்கள் தொழிற்சாலை முதலாளியின் மனைவியும் குழுவில் உண்டு. அவர்தான் வழி சொன்னார். தொழிற்சாலையில் பச்சைத் தேயிலை எடை போடுகிற கொட்டகையில் முத்திரை குத்திய பெரிய தராசு இருக்கிறது. இலை வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஏறி நின்றுகொள்ளலாம். அப்படியே ஆயிற்று. சிறு விவசாயிகளின் சாக்கு மூட்டைகள் ஏறி இறங்கும் இரும்புப் பலகைமேல் வரிசையாக ஏறினோம். எடை பார்த்துச் சொல்ல, தினமும் அங்கே இலைக்கு எடை போடும் ஆளையே கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

அந்த ஆளுக்குப் பழக்க தோஷம். மழை நாளில் வரும் இலை ஈரத்தோடு இருக்கும். அந்த ஈரத்துக்கு நாங்கள் விலை கொடுக்க முடியாது, அதனால் மூட்டை எடையில் ஒரு பங்கைத் தண்ணீர்க் கழிவு என்று தள்ளிவிடுவோம். அந்த ஞாயிறு தூறல். தலைவி நனைந்த ஸ்வெட்டரோடு தராசில் ஏறினார். இவன் எடையைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், "ஈரமா இருக்குதுங்க, ரெண்டு கிலோ கழிச்சுப் போட்டுறட்டுங்களா?" என்றான். தலைவியின் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்ன சொல்ல. "ஆமாங்க, நியாயந்தானுங்க" என்றார். அன்றைக்கு எல்லோருக்கும் கழிவு. மழைக்காலம் முழுக்க எங்கள் குழு அமோகமாக இளைத்தது. இலை கொண்டுவரும் விவசாயிகள் கழிவு என்றாலே தொண்டை கிழியக் கத்துவார்கள். இவர்கள் கழிவு பத்தாது என்று கெஞ்சினார்கள்.

எனக்கு மட்டும் கழிவு தேவைப்படவில்லை. நிஜமாகவே குறைந்திருந்தேன். அதனால் குழுவில் என்னைப்போல் அலட்டிக்கொண்டவள் வேறொருத்தி இல்லை. தலைவி ஒரு அட்டவணையை எடுத்து உயரத்துக்கும் எடைக்கும் விரலை ஓட்டிப் பார்த்து, "உங்க உயரத்துக்கு இன்னும் ஆறு கிலோ எச்சா இருக்குதுங்க. அதையும் எறக்கிட்டீங்கன்னா நீங்கதான் நம்ம குரூப்புக்கே முன்மாதிரி" என்றார். இறக்கிவிடுவது என்று நானும் முடிவு செய்தேன்.

அந்த வாரமே வீட்டுக்காரரைக் கீழே போட்டேன்.

போட்டேன் என்றால், தூக்கிப் போடவில்லை. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில், பாதித் திருப்பத்தில், என் கை இரண்டும் விட்டுப்போயின. வலியில்லை, வழுக்கவில்லை. உள்ளே ஒன்றும் இல்லாதது மாதிரி சும்மா விட்டுப்போயின. அவரைக் கட்டிக்கொண்டே சரிந்து தரையில் உட்கார்ந்தேன். அடி படவில்லை. அவர் கட்டில் சட்டத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் நான். தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. இன்னொரு தரம் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி அடைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, படி இறங்கி வர வேண்டும். படி ஏறினால் மேலே முதல் வீடு தலைவியுடையது. ஒரு சத்தம் கொடுத்தால் போதும், நாலு பேரோடு வந்து தூக்கிவிட்டிருப்பார். வாட்ஸ்அப்பில் கும்பிடுகிற கைப் படங்களோடு சேதி சாயங்காலத்துக்குள் கோத்தகிரி வரை போயிருக்கும். அங்கிருந்து கோயமுத்தூருக்கு எத்தனை நேரம் ஆகப்போகிறது? அதனால் நான் சத்தம் கொடுக்கவில்லை. ஆபீசுக்குப் போன் பண்ணி லீவு சொன்னேன். போர்வையை இழுத்து அவர் கால்மேல் போட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லவேளை, அது பிசியோதெரபிப் பெண் வரும் நாள். மாதம் ஒருமுறை வந்து அவருக்குக் கை கால் பயிற்சி கொடுத்துவிட்டுப் போகிறவள். கூடலூர்ப் பக்கத்துப் பெண், பேச்சில் மலையாளம் கலந்திருக்கும், சிரிக்கவே மாட்டாள். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து எங்களைப் பார்த்தாள். "எத்தற நேரமா சேச்சி இப்படி?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் ஒரு துண்டை அவர் இடுப்பில் சுற்றி, தன் முட்டியை அவர் முட்டிக்கு அணை கொடுத்து, ஒரே இழுப்பில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். ஒல்லியான பெண்தான். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கை ஊணாம எழுந்திருங்க சேச்சி."

தரையில் இருந்து முடியவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து எழச் சொன்னாள். அதுவும் கை ஊன்றாமல் முடியவில்லை. என் மேல்கையைப் பிடித்து, கடையில் கத்தரிக்காயை அழுத்திப் பார்ப்பதுபோல் அழுத்திப் பார்த்தாள்.

"எடை குறைச்சீங்களா?"

"ஆமா" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"குறைஞ்சது எது? கொழுப்பு பாதி இங்கயேதான் இருக்கு. சதைதான் போயிருக்கு. சோறும் தின்னாம, பருப்பும் தின்னாம, கனமா ஒண்ணும் தூக்காம குறைச்சா அப்படித்தான் போகும். இன்னும் குறைச்சா இவரை விடுங்க, கேஸ் சிலிண்டரக்கூட நகத்த முடியாது."

"டாக்டர் முழங்காலுக்குக் குறைக்கச் சொன்னாரே?"

"குறைச்சது போதும். முழங்கால் மேல இருக்கற சதை பலமானா முழங்கால் நிக்கும். தின்னுங்க. தூக்குங்க. எடை கொஞ்சம் ஏறும். ஏறட்டும்."

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. அவள் சொன்னது புரியாமல் வந்த எரிச்சல் இல்லை. எடை வேறு, இலை வேறு என்பதில்தான் நான் ஆயுள் முழுக்கச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். மேலே இளங்கொழுந்தாகப் பரப்பி, அடியில் முத்தல் இலையும் குச்சியுமாக அடைத்துக் கொண்டுவரும் மூட்டைகளை நான் பார்க்காததா? மூட்டைக்குள் கையை விட்டு அடி இலையை எடுத்துப் பார்க்காமல் கணக்கு எழுத மாட்டேன். அப்படிப்பட்டவள் என் உடம்பை மட்டும் தராசு சொன்னபடி எழுதிக்கொண்டேன். இதை எனக்கு இன்னொருத்தி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

ஆனாலும் உடனே முடிவெடுத்துவிடவில்லை. அவள் காட்டிக்கொடுத்த துண்டுப் பிடியில், மூச்சு வாங்க, நடுவில் நிறுத்தி நிறுத்தி அவரை மாற்றிக்கொண்டிருந்தேன். இன்னும் ஆறு கிலோ இறக்கினால் முன்மாதிரி. நாத்தனாரின் வயிற்றெரிச்சல். ரவிக்கை. டாக்டர் வேறு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் சிரிக்காத ஒரு பெண்ணும், தரையில் உட்கார்ந்திருந்த அந்தக் காலை நேரமும். இரண்டு நாள் பப்பாளித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தேன். மூன்றாம் நாள் குன்னூரில் ஒரு ஜிம்முக்குப் போனேன், அறிந்தவர்களைக் கேட்டுவிடலாம் என்று.

அங்கே போனதற்குச் சந்தையில் ஒரு கோழி வாங்கியிருக்கலாம். நாலு பக்கமும் கண்ணாடி. கண்ணாடிக்கு ஒரு பையன், தன் கையைத் தானே காதலித்துக்கொண்டு. பயிற்சியாளர் என்னை மேடம் மேடம் என்று ஒரு இயந்திரத்தில் ஏற்றினார். செருப்பையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லி, ஐஸ்போல் குளிர்ந்த தகட்டில் நிற்கவைத்து, கையில் இரண்டு பிடியைக் கொடுத்தார். அது ஒரு தாளைத் துப்பியது. கொழுப்பு இத்தனை, தசை இத்தனை, எலும்பு இத்தனை. கடைசியில் என் உடம்பின் வயது. அது என் மாமியார் போய்ச்சேர்ந்த வயது. "கவலப்படாதீங்க மேடம், பவுடர் இருக்கு" என்று ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். டப்பாமேல் இருந்தவனுக்குக் கழுத்தே இல்லை.

"தம்பி, எனக்கு வயித்துல கட்டம் கட்டமா வேண்டாம். ஒரு ஆளக் கட்டில்ல இருந்து நாற்காலிக்கு மாத்தோணும். அதுக்கு என்ன பண்றது?"

அவர் யோசித்தார். "அதுக்குப் பேக்கேஜ் இல்லைங்க மேடம்" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது முடிவாகிவிட்டது. குறைக்கச் சொன்னவர்களில் ஒருவர்கூட எதற்கு என்று கேட்கவில்லை. ஏற்றுகிறேன் என்ற ஜிம்காரருக்கும் எதற்கு என்பது தேவைப்படவில்லை. எனக்கு எதற்கு என்பது ஒன்றுதான் தெரியும். அந்த ஆறு கிலோவைத் தலைவியே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிசியோதெரபிப் பெண் சொல்லிக்கொடுத்ததைச் செய்தேன். அடுத்த மாதமே அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது, பதிலுக்கு யாரும் வரவில்லை. கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு முற்றத்தில் நடப்பது. அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு படி ஏறி இறங்குவது. ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பார்த்துக்கொள்ளட்டும். கொள்ளு, பச்சைப்பயறு, சனிக்கிழமை மீன், தினமும் முட்டை. காலையில் முட்டை அவித்து ஆளுக்கு ஒன்றாக வைப்பேன். அவர் தன்னுடையதை வலது கையால் என் தட்டுக்குத் தள்ளிவிடுவார். "நீ... தின்னு. உனக்குத்தான்... பலம் வேணும்." மனுஷனுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று நானும் தின்றேன். பாதி இட்லியில் போதும் என்று கையை உயர்த்துவார். அசையாமல் இருக்கிறவருக்குப் பசி எங்கே வரப்போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மாதங்கள் போயின. மழைக்காலம் முடிந்து உறைபனி விழ ஆரம்பித்தது. கொட்டகைத் தராசில் என் எடை ஏறியிருந்தது. தலைவி சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி என் தோளில் கையை வைத்தார். "என்னங்க இது, இத்தன கஷ்டப்பட்டு எறக்கிப்போட்டு?"

"சதைங்க இது. ஏத்துனது."

"எல்லாருமே அப்படித்தாங்க சொல்லுவாங்க."

எடை போடுகிறவன் இரக்கப்பட்டு என் காதோரம் வந்து, "ஸ்வெட்டருக்கு ஒண்ணு கழிச்சுரட்டுங்களாக்கா?" என்றான். ஒரு கிராம் கழித்தாலும் நாளைக்கு ஆபீசில் உன் சம்பளக் கணக்கில் கழிப்பேன் என்றேன். அதோடு அந்தக் குழுவுக்கு ஒரு கும்பிடு. அவர்கள் இன்றைக்கும் நடக்கிறார்கள், வர்க்கியும் இன்றைக்கும் காற்றாகத்தான் இருக்கிறது.

எனக்கு நிரூபணம் வீட்டில் இருந்தது. அவரைத் தூக்குவது வாரத்துக்கு வாரம் சுலபமாகிக்கொண்டு வந்தது. முதலில் மூச்சு வாங்காமல் போயிற்று. பிறகு நடுவில் நிறுத்தாமல், ஒரே திருப்பத்தில். தை பிறக்கும்போது பேசிக்கொண்டே தூக்கினேன். என் கையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன், ஜிம் பையன்களைத் திட்டிய அதே நான். உலகத்தில் எல்லோரும் முட்டாள்கள், நான் ஒருத்திதான் விஷயம் தெரிந்தவள் என்ற நினைப்பில் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

பொங்கலுக்கு மகன் வந்தான். அவன் கண் முன்னால் செய்து காட்ட வேண்டும் என்று காத்திருந்தேன். "பாரு" என்று சொல்லிவிட்டு, துண்டைச் சுற்றி, முட்டியை அணை கொடுத்து, அவரைக் கட்டிலிலிருந்து எடுத்து நாற்காலியில் வைத்தேன். "எப்படி?" என்றேன். இனி கீழே வா என்ற பேச்சு ஐந்து வருஷத்துக்கு வராது என்று எனக்குத் தெரியும்.

அவன் கைதட்டவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய்க் குனிந்து, அவருடைய முதுகுக்கும் தொடைக்கும் அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினான். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தொப்பை வைத்திருக்கிற பையன். போன வருஷம் இதே அப்பாவைக் காரில் ஏற்ற டிரைவரைத் துணைக்குக் கூப்பிட்டவன். இப்போது துணையில்லாமல் ஒற்றையாளாக எடுத்து நின்றான்.

"அம்மா, அப்பா இப்ப எத்தன கிலோ?"

எனக்குத் தெரியாது. ஊர்ப் பெண்கள் எல்லோருடைய எடையும் எனக்குத் தெரியும். என் எடையை கிராமோடு சொல்லுவேன். நிற்க முடியாத மனுஷனை யார் தராசில் ஏற்றுவது? அவருக்கு எடை பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவரை நாற்காலியில் விட்டுவிட்டு, அலமாரிக்கு அடியில் கிடந்த வீட்டுத் தராசை மகன் காலால் இழுத்துப் போட்டான். முதலில் தான் மட்டும் ஏறினான். இறங்கி, அப்பாவைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினான். "பாத்துச் சொல்லுங்கம்மா" என்றான். தொழிற்சாலையில் சாக்கோடு எடை போட்டு, சாக்கின் எடையைக் கழித்தால் வருவது இலை. தினமும் நூறு தரம் போடுகிற கழித்தல், மனசு தானாகப் போட்டுவிட்டது. வந்த எண்ணை நம்பாமல் இன்னொரு தரம் கழித்துப் பார்த்தேன். எழுபத்தைந்துக்குக் குறையாத மனுஷன். அறுபதுகூட இல்லை.

சுலபமானது என் கையால் மட்டும் இல்லை.

மகன் அவரை நாற்காலியில் வைத்துவிட்டு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தான். "ஏம்ப்பா சாப்பிடறதில்லை? பசிக்கிறதில்லையா?" என்று கேட்டான். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அவன் விடவில்லை. பதில் வாயோரம் எச்சில் வழிய, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"பசிக்கும்... அம்மாவுக்கு... கனக்கக்கூடாது. அன்னிக்கு... கீழ விழுந்தமில்ல. கனத்தா... கீழ... போகோணும்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்த மலையிலேயே ஒழுங்காக எடை குறைத்த ஒரே ஆள் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறார். தராசு இல்லாமல், அட்டவணை இல்லாமல், கழிவு கேட்காமல், பசியோடு. அந்த முட்டையைத் தின்று நான் சதை ஏற்றியிருக்கிறேன். "உங்களுக்கு மூளை இருக்குதா?" என்று கத்தினேன். "கையும் காலும் விழுந்தா மூளையுமா விழுந்துபோகும்? இருக்கற ஒரு காலுக்கும் சதை இல்லைன்னா எதை ஊணி நிப்பீங்க? பட்டினி கெடந்து வீட்டக் காப்பாத்தறாராமா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாய் வலிச்சிருக்குமா?" வலித்திருக்கும் என்று கத்தி முடித்தபிறகுதான் உறைத்தது. அவருக்கு நிஜமாகவே ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிக்கும்.

மகன் எழுந்து நின்றான். "அம்மா, போதும். நாளைக்கே ரெண்டு பேரும் கீழ கெளம்புங்க."

"நான் தூக்க முடியாத அன்னிக்குத்தானே போகோணும்? அதுதானே உன் தீர்ப்பு?"

"இப்ப இருக்கற எடையத்தானம்மா தூக்கறீங்க. அவர் பழையபடி ஆனா முடியுமா?"

நியாயமான கேள்வி. முடியலாம். முடியாமலும் போகலாம். என் கையில் ஏறியிருக்கும் சதை எவ்வளவு, அவர் உடம்பிலிருந்து போனது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுகிற தராசு எங்கள் தொழிற்சாலையில் இல்லை. குன்னூர் இயந்திரத்திலும் கிடையாது. அதற்கு ஒரே வழிதான், அவருக்குச் சோறு போட்டுப் பார்ப்பது. அவர் வாயில் வைக்கும் ஒவ்வொரு கவளமும் எங்களைக் கோயமுத்தூருக்குப் பக்கத்தில் கொண்டுபோகும். கவளம் வைக்காமல் இங்கேயே வைத்துக்கொள்ளலாம், அவர் கண்டுபிடித்த வழி அது.

"சித்திரைக்கு வா" என்று மகனிடம் சொன்னேன். "வந்து, அவரத் தூக்கிட்டு மறுபடி அந்தத் தராசுல ஏறு. பழைய எடை இருந்து நான் தூக்கலைன்னா, நானே பொட்டியக் கட்டறேன்."

அவன் போன மறுநாள் காலையில் அவர் தட்டில் இரண்டு முட்டை வைத்தேன். வலது கையால் ஒன்றை என் பக்கம் தள்ளினார். நான் திருப்பித் தள்ளினேன். மறுபடி தள்ளினார். உரித்து, பிட்டு, உப்பும் மிளகும் தொட்டு அவர் வாய்க்கு நேராக நீட்டினேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

"கனக்கும்" என்றார்.

"கனத்துத் தொலையுங்க" என்றேன். முட்டையை நீட்டியபடியே வைத்திருந்தேன். கடைசியில் அவர் வாயைத் திறந்தார்.